வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு முழு நாளை ஓவியக் கூடங்களுக்கு ஒதுக்கலாமா?

தகடூர்ச் செல்வி (தருமபுரி):

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன் ஆகிய நகரங்களுக்குக் குடும்பத்தோடு செல்லவிருக்கிறோம். நானும் என் கணவரும், பதினோராம் வகுப்பை முடிக்கும் எங்கள் மகளும், எழுபது வயதை நெருங்கும் என் மாமியாரும் செல்கிறோம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த நிரலில் லூவர் அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. மோனாலிசாவைப் பார்த்த கையோடு வெளியே வந்துவிட வேண்டுமாம். பாரிஸில் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கும் புதன்கிழமையைக் கடைவீதியில் கழிக்காமல், காலையில் ஒர்சே அருங்காட்சியகம், பிற்பகல் முதல் இரவு வரை லூவர் என்று முழுவதையும் ஓவியங்களுக்கே கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். என் கணவரின் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “இவ்வளவு பணம் கட்டிப் போய் நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பதா, படம்தான் பார்க்க வேண்டுமென்றால் செல்பேசியில் பார்த்துக்கொள்ளக் கூடாதா” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை என்பதால் இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். செல்பேசித் திரையும் பாடப்புத்தகமும் எல்லா ஓவியங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கிவிடுகின்றன. மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு மரப்பலகை. அதே அறையில் அதற்கு எதிர்ச்சுவரில் தொங்கும், இத்தாலிய ஓவியர் வெரோனீஸின் ‘கானா ஊர்த் திருமணம்’ ஏறத்தாழ பத்து மீட்டர் அகலமும் ஆறேமுக்கால் மீட்டர் உயரமும் உடையது. புத்தகத்தில் இரண்டும் அரைப் பக்கம்தான். ஒன்றை நெருங்கிப் பார்க்க வேண்டும், மற்றொன்றைப் பின்னால் நகர்ந்து பார்க்க வேண்டும் என்பதே நேரில் நிற்பவருக்குத்தான் தெரியும். வான்கோ அப்பிய வண்ணம் துணியிலிருந்து எவ்வளவு மேலெழுந்து நிற்கிறது என்பதையும் பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் காண முடியும். ஈபிள் கோபுரத்தைப் பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்தாலும் ஓரளவு பார்த்ததாகவே ஆகும். ஓவியத்துக்கு அப்படி ஒரு குறுக்கு வழி இல்லை. மாற்றுக் கருத்து உடையவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

ஓசூர்ப் பயணி:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். முழு நாள் என்பதைத்தான் மறுக்கிறேன். நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவன். பணி நிமித்தம் ஐரோப்பாவுக்குச் சென்று வந்திருக்கிறேன். அருங்காட்சியகத்தில் ஏற்படும் களைப்பு வெறும் சோம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கண்ணாடிப் பேழைகளில் உள்ளவற்றைப் பார்ப்பதற்காக ஒருவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்து, காட்சிக்கு வைக்கும் முறையே பார்வையாளரைச் சோர்வடையச் செய்கிறது என்று அவர் காட்டினார். நடப்பதைவிட நின்று நின்று நகர்வதுதான் இடுப்பையும் முழங்காலையும் பதம் பார்க்கிறது. எழுபதை நெருங்கும் ஒருவரை இதற்கு உட்படுத்துவது சரிதானா என்று எண்ணிப் பாருங்கள்.

லூவரில் ஏறத்தாழ 35,000 பொருள்கள் காட்சியில் இருக்கின்றன. ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வைத்து, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நின்றாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அப்படியிருக்க, முழு நாள் கொடுத்தாலும் நீங்கள் பார்க்கப்போவது ஒரு துளிதான். 2024-இல் மட்டும் 87 லட்சம் பேர் அங்கே சென்றிருக்கிறார்கள். மோனாலிசா அறையில் உங்களுக்கும் ஓவியத்துக்கும் நடுவே கண்ணாடியும் தடுப்பும் இருக்கும், அவற்றுக்கும் முன்னால் தூக்கிப் பிடித்த நூறு செல்பேசிகள் இருக்கும். கட்டணத்தையும் மறக்க வேண்டாம். 2026 சனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவரின் கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்ந்துவிட்டது. நம் பணத்தில் ஆளுக்கு மூவாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

அந்த நாளில் சேன் நதிக்கரையில் நடக்கலாம். காலையில் ரொட்டிக்கடை வாசலில் நிற்கும் வரிசையையும், தெருச்சந்தையில் காய்கறி வாங்கும் பாட்டிகளையும், மெட்ரோவில் புத்தகம் படித்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். ஒரு ஊரின் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிவதைவிட உயர்ந்த பயன் பயணத்துக்கு உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

அரூர்க்காரி (ஆம்ஸ்டர்டாம்):

நான் அரூர்ப் பக்கத்து ஊரில் பிறந்தவள். இப்போது ஆம்ஸ்டர்டாமில் செவிலியராக இருக்கிறேன். ஓசூர் அண்ணன் சொல்லும் களைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் போடும் கணக்கு, அங்கே இருப்பவை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கிறது. அந்த எண்ணத்தை விட்டுவிட்டால் முழு நாளும் போதாது என்கிற அளவுக்குச் சில ஓவியங்கள் நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கண்முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தபோது வான்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அம்மா பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்காதவர். கேழ்வரகும் சாமையும் விளைந்த மானாவாரிக் காட்டில் ஆயுள் முழுவதும் உழைத்தவர். சூரியகாந்திகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். 1885-இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தின் முன் நின்றுவிட்டார். மேலிருந்து தொங்கும் ஓர் எண்ணெய் விளக்கின் கீழ், ஒரே தட்டிலிருந்து ஐந்து பேர் கிழங்கை எடுத்து உண்கிறார்கள். ஒரு பெண் காப்பி ஊற்றுகிறாள். நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு சிறுமி இருக்கிறாள். அம்மா முகங்களைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இவங்க காட்டு வேலை முடிச்சிட்டு வந்து உக்காந்தவங்க, கை கழுவினாலும் விரல் கணுவுல மண்ணு நிக்குது பாரு” என்றார். இந்தத் தட்டில் நீட்டப்படும் இதே கைகள்தாம் நிலத்தைக் கிண்டின என்பதைக் காட்டவே தான் முயன்றதாக வான்கோ தன் தம்பி தியோவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்று அம்மாவுக்கு நான் அதன் பிறகுதான் சொன்னேன். யாருடைய விளக்கமும் இல்லாமல் அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். விளக்கொளி எந்தெந்த முகத்தில் படுகிறது, யார் யாரைப் பார்க்கவில்லை, அந்தச் சிறுமி ஏன் திரும்பவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த தளத்துக்கு வர மாட்டேன் என்று அங்கிருந்த இருக்கையில் அமர்ந்துவிட்டார்.

செல்வி அக்கா, உங்கள் மாமியாரை ஒரு சுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் நால்வரில் அதிகமாகப் பார்க்கப்போகிறவர் அவராகவே இருக்கலாம்.

பாரமகால் (கிருஷ்ணகிரி):

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மறுப்பு முழங்கால் வலியைப் பற்றியதோ பணத்தைப் பற்றியதோ அன்று. அம்மா, உங்களை நோக்கி மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் இரு மாவட்டங்களிலும் கடன் வாங்கியாவது ஐரோப்பா போய்வரும் ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது, அவர்கள் அனைவரையும் நோக்கிச் சொல்கிறேன். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களை இவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? ஆநிரை மீட்கப் போய் அம்பு தைத்து விழுந்தவனை, ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக, காலடியில் மாடுகளோடு, மேலே வட்டெழுத்தில் பெயரும் ஊரும் பொறித்து நிறுத்திய கற்கள் அவை. பர்கூருக்கு அருகே மல்லபாடியில், குதிரைமேல் ஏறிப் போரிடுவோரை வெள்ளை வண்ணத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. சேலம் சாலையில் நாள்தோறும் அந்த ஊரைக் கடந்து போகிறவர்கள் கழுத்தை நிமிர்த்தி அவற்றைப் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் இருப்பதைப் பார்க்கப் பழகாத கண், பாரிஸில் மட்டும் எப்படித் திறந்துகொள்ளும்?

இரண்டாவது, எனக்கு இன்னும் முக்கியமான மறுப்பு. அங்கே தொங்குபவற்றில் பல, தமக்குரிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. நீங்களே எடுத்துக்காட்டிய ‘கானா ஊர்த் திருமணம்’ வெனிஸ் நகரில் சான் சோர்சோ மச்சோரே மடத்தின் உணவுக்கூடத்துச் சுவருக்காக 1563-இல் வரையப்பட்டது. துறவிகள் உண்ணும் கூடத்தில் ஒரு விருந்தின் காட்சி. கூடம் அந்த ஓவியத்துக்குள்ளும் நீள்வது போன்ற அமைப்பு. 1797-இல் நெப்போலியனின் படைகள் அதைக் கழற்றிச் சுருட்டிப் பாரிசுக்குக் கொண்டு போயின, இன்றுவரை திரும்பவில்லை. 2007-இல் வெனிஸ்காரர்கள் அதன் துல்லியமான நகல் ஒன்றைச் செய்வித்து, அதே உணவுக்கூடத்தில் அதே சுவரில் மாட்டினார்கள். அசல் லூவரில், மோனாலிசாவைப் படமெடுக்கும் கூட்டத்தின் முதுகுகளைப் பார்த்தபடி தொங்குகிறது. லண்டனுக்குப் போனால் நம் கதையும் அதுவே. ஆந்திரத்து அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்தார். அவற்றில் பெரும்பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறிற்று, எஞ்சியவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூரில் இருப்பதைப் பார்க்காமல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வரிசையில் நிற்பதை நான் கலை ஆர்வம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் முழுவதையும் அங்கே செலவிடுவது, பறித்தவர்கள் அடுக்கி வைத்திருக்கும் ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொள்வதாகும்.

தகடூர்ச் செல்வி (தருமபுரி):

பாரமகால் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன நடுகற்களைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது மறுப்பு அங்கேதான் இடறுகிறது. நடுகல் என்பது வீரன் விழுந்த ஊரின் மண்ணில் ஊன்றப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டு, படையலிட்டு வணங்கப்பட்ட கல். இன்று அகழ்வைப்பகத்தில் மேடைமேல் நிற்கும் அந்தக் கற்களுக்கு எண்ணெயும் இல்லை, படையலும் இல்லை. எந்த ஊர்க்காரர்கள் அவனை மறக்கக் கூடாது என்று நினைத்தார்களோ அந்த ஊரும் பக்கத்தில் இல்லை. இடம்பெயர்ந்த பொருளைப் பார்ப்பதே தவறு என்றால் அதையும் பார்க்கக் கூடாது என்று ஆகிவிடும். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். பெயர்க்கப்பட்ட பொருளும் நம்மிடம் பேசும், கேட்பவர் சற்று கூடுதலாக முயல வேண்டும் என்பதுதான் நம் இருவருக்கும் பொதுவான நிலை என்று நினைக்கிறேன்.

என் மகளை அந்த நடுகற்களிடம் அழைத்துச் சென்றிருக்கிறேன். வீரனின் உடலில் தைத்த அம்புகளை எண்ணிவிட்டு, முகத்தில் வலி ஏன் காட்டப்படவில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் பாரிசுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. லூவரில் தாரு என்ற பெயருடைய படிக்கட்டின் உச்சியில், தலையும் கையும் இல்லாமல் ஒரு கப்பல் முகப்பின் மேல் நிற்கும் கிரேக்கச் சிற்பமான சமோத்ராசு வெற்றித் தேவதையைப் பார்க்கும்போது, முகமே இல்லாத ஓர் உருவம் காற்றையும் வேகத்தையும் எப்படிச் சொல்கிறது என்று அவளால் கேட்க முடியும். உள்ளூரில் பார்த்துப் பழகிய கண்தான் வெளியூரிலும் பார்க்கும் என்ற உங்கள் முதல் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் திட்டத்துக்கு வலு சேர்க்கிறதே தவிர அதை மறுக்கவில்லை.

இன்னொரு செய்தி. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இரு ஆங்கிலேய ஓவியர்கள் 1792-இல் நம் பகுதி வழியாகச் சென்றபோது இராயக்கோட்டையையும் ஜெகதேவி மலைக்கோட்டையையும் வரைந்தார்கள். பின்னர் லண்டனில் அவற்றை அச்சோவியங்களாக வெளியிட்டார்கள். நாம் பேருந்தில் கடந்துபோகும் அந்தப் பாறைகளை இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியக் கண் எப்படிக் கண்டது என்பதற்கான சான்று லண்டனில்தான் இருக்கிறது. அதைத் தேடிப் போவதும் நம் ஊரைப் பார்ப்பதுதான் அல்லவா?

காவேரிப்பட்டணத்தான்:

விவாதம் மேலே போய்க்கொண்டிருக்கிறது. தரையில் உள்ள ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறேன். லூவரில் சக்கர நாற்காலியைக் கட்டணமின்றி இரவல் தருகிறார்கள், மின்தூக்கிகளும் உண்டு. முதியவரை அழைத்துச் செல்பவர்கள் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவரிலும் ஒர்சேயிலும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ், வான்கோ ஆகிய இரண்டு பெரிய கூடங்களிலும் கட்டணம் இல்லை. மகளுடைய கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க யாருக்குமே கட்டணம் கிடையாது. ஆகவே பணத்தைக் காரணம் காட்டும் வாதம் லண்டனுக்குப் பொருந்தாது. செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை, திங்கட்கிழமை ஒர்சேவுக்கு விடுமுறை என்பதையும் பயணிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாரமகால் (கிருஷ்ணகிரி):

செல்வி அம்மா நடுகல்லை வைத்து என்னை மடக்கியிருக்கிறார். அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வயலோரத்தில் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் கிடந்த கற்களை நம் தொல்லியல் துறையினர் எடுத்து வந்து அதே மாவட்டத்தில் நிறுத்தினார்கள். அந்த வீரனின் ஊரில் இன்று வாழும் ஒரு கூலித் தொழிலாளி, நகரப் பேருந்துக் கட்டணத்தில் போய் அதைப் பார்க்க முடியும். அமராவதிச் சிற்பத்தைப் பார்க்க ஆந்திரத்து உழவர் ஒருவர் விசா வாங்க வேண்டும்; வங்கிக் கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இரண்டையும் இடப்பெயர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது நியாயமாகாது. யாருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

டேனியல்களின் அச்சோவியங்களைப் பற்றிச் சொன்னீர்கள். காகிதத்தில் உள்ள ஓவியங்கள் ஒளி பட்டால் மங்கும் என்பதால் அவற்றை எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை, பெட்டிகளுக்குள் இருக்கும். முன்கூட்டியே விண்ணப்பித்தால் படிப்பறையில் எடுத்துக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. இராயக்கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் உண்மையிலேயே விரும்பினால் இன்றே விண்ணப்பியுங்கள். கூடங்களில் ஒரு நாள் முழுவதும் சுற்றினாலும் அது உங்கள் கண்ணில் படாது.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலியை நிச்சயம் பார்ப்பீர்கள். ஐரோப்பியர் ஒருவரின் குரல்வளையைக் கடிக்கும் மரப்புலி அது. வயிற்றுக்குள் குழலிசைக் கருவி இருக்கிறது. பிடியைச் சுழற்றினால் கீழே கிடப்பவரின் கை எழும்பித் தாழும், அவர் ஓலமும் புலியின் உறுமலும் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றியது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1792 உடன்படிக்கையில், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாரமகாலையே திப்புவிடமிருந்து கம்பெனி வாங்கிக்கொண்டது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி போட வந்தார்கள், மன்றோ தருமபுரியில்தான் தங்கியிருந்தார். அந்தப் புலியின் முன் நிற்கும் உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பீர்களானால் அந்த அரை மணி நேரத்தை நான் எதிர்க்கவில்லை. அதற்கு மேல் ஒரு நாள் முழுவதும் என்பதை இன்னும் எதிர்க்கிறேன்.

அரூர்க்காரி (ஆம்ஸ்டர்டாம்):

ஐயா, உங்கள் கேள்வியின் நியாயத்தை நான் உணர்கிறேன். சிறீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருங்காட்சியகம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்ததை அறிந்த எவரும் இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. ஆனால் நம்முடையதை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்று நீங்கள் சொல்வதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன் வாழ்நாளில் நெதர்லாந்தை விட்டு வெளியே போகாதவர். அவர் கையில் முகலாயச் சிற்றோவியங்கள் சில கிடைத்தன. 1650-களின் பிற்பகுதியில் அவற்றைப் பார்த்து, கிழக்கிலிருந்து வந்த காகிதத்திலேயே, ஷாஜகானையும் அவையோரையும் வரைந்து பழகினார். இருபதுக்கு மேற்பட்ட அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. தனக்குச் சொந்தமில்லாத ஒரு மரபை உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தவர் அவர். நம் பெண் ஒருத்தி ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் முன் அதே பொறுமையோடு நிற்பதில் நமக்கு என்ன குறைவு வந்துவிடும்?

அதே ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஆசியக் கலைக்கென்று தனிக் கூடம் உள்ளது. அங்கே சோழர் காலத்து நடராசர் ஒருவர் இருக்கிறார். ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம், முந்நூறு கிலோ எடை. ஆசியக் கலை ஆர்வலர் சங்கம் ஒன்று 1935-இல் வாங்கியது. அது உள்ளே திடமா, பொள்ளலா என்று அறிய, கப்பல் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் ரோட்டர்டாம் துறைமுகச் சுங்கக் கூடத்துக்கு லாரியோடு கொண்டு போய் ஊடுகதிர்ப்படம் எடுத்தார்கள். திருவாசி உட்பட முழுவதும் திடமாக வார்க்கப்பட்டது என்று தெரிந்தது. பின்புறம் போய்ச் சடைகளையும் இடுப்பாடையின் முடிச்சையும் பார்க்க அங்கே இடமிருக்கிறது. கருவறையிலும் சபையிலும் நாம் ஒருபோதும் காணாத பக்கம் அது. கோயிலில் இருக்க வேண்டியவர் என்ற வருத்தமும், இப்படிப் பார்க்க முடிந்ததே என்ற வியப்பும் எனக்கு ஒன்றாகவே வருகின்றன. இரண்டையும் சுமந்துகொண்டுதான் நான் அங்கே திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஓசூர்ப் பயணி:

இவ்வளவையும் படித்த பிறகும் என் நிலை பெரிதாக மாறவில்லை. அரூர்ச் சகோதரி சொல்வது அங்கேயே வசிப்பவருக்குப் பொருந்தும். அவர் விரும்பிய ஞாயிற்றுக்கிழமையில் போய் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். வாழ்நாளில் ஒருமுறை போகும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. காலையில் ஒர்சே, மாலையில் லூவர் என்று இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டாவது இடத்தில் கண் பார்க்கும், மனம் பார்க்காது. ஒன்றை விட்டுவிடுங்கள் என்பதே என் திட்டவட்டமான யோசனை. லூவர் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்பிவிடும். பகலில் ஊரைச் சுற்றுங்கள், நடுவில் விடுதிக்குப் போய்ப் பெரியவரை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள், ஐந்து மணிக்கு மேல் உள்ளே போங்கள். நான்கு மணி நேரம் தாராளமாகப் போதும்.

இன்னொன்று: குழுவை விட்டுப் பிரிவதாக இருந்தால் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் தெரிவித்து, அன்றைய விடுதியின் முகவரியையும் மறுநாள் புறப்படும் நேரத்தையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிய ஒரு குடும்பம் மறுநாள் பேருந்தைத் தவறவிட்டு நடுத்தெருவில் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

தகடூர்ச் செல்வி (தருமபுரி):

அனைவருக்கும் நன்றி. ஒரே நாளில் இரண்டு கூடங்கள் வேண்டாம் என்ற ஓசூர் அண்ணனின் யோசனையை ஏற்கிறேன், ஆனால் அவர் விடச் சொல்வதை விடவில்லை. லூவரைக் குழுவோடு போகும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கே விட்டுவிட்டு, புதன்கிழமை முழுவதையும் ஒர்சேவுக்கே கொடுக்கிறேன். 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய இரயில் நிலையம் அது; 1986-இல் அருங்காட்சியகமாயிற்று. லூவரைவிடச் சிறியது, நடுவில் உட்கார இடம் உள்ளது, மேல்தளத்துப் பெரிய கடிகாரத்தின் கண்ணாடி வழியாக ஊரையும் பார்க்கலாம். முழு நாள் என்ற என் பிடி தளரவில்லை. காலையில் பார்த்த படத்திடம் மாலையில் திரும்பிப் போய் நிற்க வேண்டுமென்றால் நாள் முழுவதும் கையில் இருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் வான்கோ கூடத்துக்கு ஒரு காலைப்பொழுது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணி வரை திறந்திருப்பதால் புலிக்கு அந்த மாலை. இராயக்கோட்டை அச்சோவியத்துக்கு விண்ணப்பம் அனுப்ப மகளையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பாரமகால் (கிருஷ்ணகிரி):

விண்ணப்பம் எழுதும் பெண்ணுக்கு என் வாழ்த்துகள். புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை எழும்பூருக்கு அழைத்துச் சென்று அமராவதிச் சிற்பங்களைக் காட்டிவிடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றின் மறுபாதி 33ஏ என்ற அறையில் இருக்கிறது. பிரிந்துபோன ஒரே தூபியின் கற்கள் இங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன, அங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று அவளே ஒப்பிடட்டும். முழு நாளைப் பற்றிய என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

அரூர்க்காரி (ஆம்ஸ்டர்டாம்):

அக்கா, வான்கோ அருங்காட்சியகத்தில் வாசலில் நுழைவுச்சீட்டு விற்பதில்லை; நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு இணையத்தில் மட்டுமே வாங்க முடியும். மே மாதத்தில் மலர்த் தோட்டங்களைப் பார்க்க வரும் கூட்டமும் சேர்ந்துவிடும் என்பதால் காலை நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும். மகளுக்குக் கட்டணம் இல்லையென்றாலும் அவளுக்கும் நேரம் பதிவு செய்தாக வேண்டும். மாமியாருக்காக ஒன்பது மணிச் சீட்டாகவே பாருங்கள். அப்போது ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ இருக்கும் தளத்தில் இருக்கைகள் காலியாக இருக்கும்.